கண்டதும் அறிந்ததும்

நுழையும்முன்

அயல்நாட்டுக்குச் செல்லும் மாணவர் அங்குள்ள மாடங்களையும் மணிக்கூண்டுகளையும் காண்கிறார். தெருவில் மனிதர்களை எதிர்கொள்கிறார். கட்டடத்தைக் காணக் கண் போதும். மனிதரை அறிய மொழி வேண்டும். காண்பதற்கும் அறிவதற்கும் இடையே உள்ள தொலைவை மாணவர் எவ்வாறு கடக்கலாம் என்பதை, ரஷ்யப் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சாலைகள் கூடும் ஊர்

கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர் சேத்தியாத்தோப்பு. சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் இடத்தை இவ்வூர் மக்கள் 'குறுக்குரோடு' என்றே வழங்குகின்றனர். ஊரையொட்டி வீராணம் ஏரி நீண்டு கிடக்கிறது. வீரநாராயண ஏரி என்னும் பழம்பெயர் கொண்ட இதன் கரையில்தான் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குகிறது. குதிரைமேல் வரும் வந்தியத்தேவன் முதலில் ஏரியின் அழகைக் கண்டு வியக்கிறான். பின்னர் வழியில் கூடியிருக்கும் மக்களின் பேச்சுக்குச் செவிகொடுக்கிறான். சோழநாட்டின் நிலையை அவனுக்கு உணர்த்தத் தொடங்குவது அப்பேச்சே. ஏரியின் அழகு கண்ணோடு நின்றுவிட, மக்களின் சொல் அவனைக் கதைக்குள் அழைத்துச் செல்கிறது.

பயண இலக்கியம் அனைத்திற்கும் பொருந்தும் உண்மை இது. பயணி காண்பன ஒரு வகை; கேட்டு அறிவன மற்றொரு வகை. முதல் வகையை இன்று கைபேசியின் திரையிலேயே ஓரளவு பெற்றுவிடலாம். இரண்டாம் வகைக்கு நேரில் சென்றே ஆகவேண்டும். சென்றாலும், ஆயத்தமின்றிச் சென்றவருக்கு அது வாய்ப்பதில்லை.

அருகிலிருந்த ரஷ்யா

சேத்தியாத்தோப்பு வட்டார மாணவருக்கு ரஷ்யா முற்றிலும் அயலான நாடன்று. அருகிலுள்ள நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைக்கப்பட்டது. 1962இல் மின்னாக்கத்தைத் தொடங்கி, 600 மெகாவாட் திறன்வரை வளர்ந்த அந்நிலையம், 2020இல் தன் பணியை நிறைவுசெய்தது. இப்பகுதியின் பல ஊர்களில் எரிந்த விளக்கொளியில் இரு நாட்டுப் பொறியாளர்களின் உழைப்பும் கலந்திருந்தது. இன்றும் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் அவ்வுறவு தொடர்கிறது.

நூல்கள் அமைத்த பாலம் இதனினும் பெரிது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய நூல்கள் தமிழ்நாட்டில் எளிய விலைக்கு விற்கப்பட்டன. தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் கார்க்கியின் 'தாய்' நாவலும், ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் தஸ்தயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' குறுநாவலும் தமிழ் வாசகரை வந்தடைந்தன. பீட்டர்ஸ்பர்க் நகரை ஒருமுறையும் காணாத தமிழர் பலர், அதன் கால்வாய்க் கரைகளை இந்நூல்கள்வழி அறிந்திருந்தனர். கடலூரில் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தனுக்கு 2011இல் ரஷ்ய அரசின் நட்புறவு விருது வழங்கப்பட்டது.

தமிழ்நாட்டிலிருந்து ரஷ்யா சென்று திரும்பியோரின் வரிசையும் நீண்டது. தந்தை பெரியார் 1932இல் அந்நாட்டில் ஏறத்தாழ மூன்று திங்கள் தங்கிப் பல இடங்களைப் பார்வையிட்டார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் திரைத்துறைக் குழுவினருடன் சென்றுவந்தார். இன்று செல்வோருள் பெரும்பாலோர் மாணவர்கள். மருத்துவம் பயிலச் செல்லும் அவர்கள், ஆறாண்டுகள் அங்கேயே வாழ்கின்றனர். பெற்றோர் நிலத்தை அடகுவைத்தும் நகையை விற்றும் அனுப்பும் பிள்ளைகள் அவர்களுள் பலர். ஆறாண்டுகளை ஒரு நாட்டில் கழித்தும், விடுதி, வகுப்பறை, புகைப்படத்துக்குரிய நான்கு இடங்கள் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் அறியாமல் ஒருவர் திரும்பக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் அது பேரிழப்பாகும்.

எழுத்தறிந்து இறங்குதல்

ரஷ்ய மொழி 33 எழுத்துகளை உடையது. சிரில்லிக் எனப்படும் அவ்வெழுத்துகளுள் சில, ஆங்கில எழுத்துகளைப் போலவே தோன்றி நம்மை மயக்குவன. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தின் வடிவம் ரஷ்ய மொழியில் 'வ' ஒலியைக் குறிக்கும். 'எச்' வடிவம் 'ந' ஒலியையும், 'சி' வடிவம் 'ஸ' ஒலியையும், 'பி' என்னும் பதினாறாம் எழுத்தின் வடிவம் 'ர' ஒலியையும் குறிக்கும். இதனை அறியாத பயணி, உணவகத்தின் பெயர்ப்பலகையைப் 'பெக்டோபா' என்று படித்துவிட்டு, பசியோடு கடந்து போவார். எழுத்தறிந்தவரோ அதனை 'ரெஸ்தரான்' என்று படித்து உள்ளே நுழைவார். ஒரு வாரப் பயிற்சி இவ்விருவருக்கும் இடையிலான வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறது.

எழுத்துக்கு அடுத்தது சொல். 'ஸ்பஸீபா' என்பது நன்றி. 'பஷாலுஸ்தா' என்பது 'தயவுசெய்து' என்றும், நன்றிக்கு மறுமொழியாகவும் பொருள்படும். 'இஸ்வினீத்தே' என்பது 'மன்னியுங்கள்'. இவை மூன்றும் தெரிந்தால் கடைக்காரரிடமும் வழிப்போக்கரிடமும் பேச்சைத் தொடங்கிவிடலாம்.

சில சொற்கள் முன்பே நமக்குத் தெரிந்தவை. தேநீரை ரஷ்யர் 'சாய்' என்பர். நம் ஊர்களில் வழங்கும் 'சாயா'வும் அதன் உறவே. சருக்கரையை அவர்கள் 'ஸாஹர்' என்பர். வடமொழியின் 'சர்க்கரா' மேற்கு நோக்கிப் பயணம் செய்து, கிரேக்கம் வழியாக ரஷ்ய மொழியை அடைந்தபோது கொண்ட வடிவம் அது. சேத்தியாத்தோப்புக் கூட்டுறவுச் சருக்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் வண்டிகளைப் பார்த்து வளர்ந்த மாணவர், மாஸ்கோவின் தேநீர்க்கடையில் 'ஸாஹர்' என்னும் சொல்லைக் கேட்கும்போது தம் ஊர்ச்சொல்லின் தூரத்து உறவைச் சந்திக்கிறார்.

தமிழருக்கு மற்றொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். ரஷ்ய மொழியிலோ 'நீ' என்பதற்குத் 'தி' என்றும் 'நீங்கள்' என்பதற்கு 'வி' என்றும் இரு சொற்கள் உண்டு. பன்மைக்குரிய சொல்லே மரியாதைக்கும் வருவது தமிழை ஒத்த வழக்கு. முதியவரை 'நீ' என்று அழைத்தால் ஏற்படும் முகவாட்டத்தைத் தமிழ் மாணவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பெயரிடும் முறையிலும் ஒற்றுமை காணலாம். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுகிறோம். அவர்கள் தந்தை பெயரைத் தம் பெயருக்குப் பின்னே இணைக்கின்றனர். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்து, 2020இல் மறைந்த அறிஞர் துபியான்ஸ்கியின் முழுப்பெயர் அலெக்சாந்தர் மிகாய்லவிச் துபியான்ஸ்கி. 'மிகாய்லவிச்' என்றால் 'மிகாயிலின் மகன்' என்பது பொருள். ஆசிரியரைப் பெயரோடு தந்தைபெயரையும் சேர்த்து விளிப்பதே அங்கு மரியாதை.

தெரிந்து தெளிவோம்

மாஸ்கோவின் சுரங்க ரயில் 1935இல் தொடங்கப்பட்டது. நகரின் மையத்தை நோக்கிச் செல்லும் வண்டிகளில் நிலையங்களின் பெயரை ஆண்குரல் அறிவிக்கும். மையத்தை விட்டு விலகிச் செல்லும் வண்டிகளில் பெண்குரல் அறிவிக்கும். எழுத்தறியாத பயணியும் தாம் செல்லும் திசை சரியானதா என்பதைச் செவியால் அறிந்துகொள்ளலாம்.

காட்சிக்குப் பின்னுள்ள கேள்வி

மாஸ்கோவுக்குச் செல்வோர் முதலில் நாடுவது செஞ்சதுக்கம். அதன் ரஷ்யப் பெயரிலுள்ள 'கிராஸ்னயா' என்னும் சொல்லுக்கு இன்றைய பொருள் 'சிவப்பு'. பழைய ரஷ்ய மொழியில் 'அழகிய' என்பதும் அதன் பொருள். சதுக்கத்தின் பெயர் அரசியல் புரட்சிக்கு முன்பே வழங்கியது. ஆகவே, 'செங்கொடியால் வந்த பெயர்' என்று பலர் எண்ணுவது பொருந்தாது. ஒரு சொல்லின் வரலாற்றைக் கேட்டால், கண்முன் நிற்கும் இடத்தின் தோற்றமே மாறிவிடுகிறது.

சதுக்கத்தின் ஓரத்தில் வண்ணக் குமிழ்மாடங்களோடு நிற்கிறது ஒரு தேவாலயம். கசான் வெற்றியின் நினைவாக நான்காம் இவான் மன்னர் 1555 முதல் 1561 வரை அதைக் கட்டுவித்தார். ஆயினும் மக்கள் அதனை மன்னரின் பெயரால் வழங்கவில்லை. மாஸ்கோத் தெருக்களில் வெறுங்காலுடன் திரிந்து, உண்மையை அஞ்சாமல் உரைத்த வசீலி என்னும் துறவியின் பெயராலேயே வழங்குகின்றனர். நம் நாட்டுச் சித்தர்களை ஒத்தவர் அவர். அவருடைய கல்லறைமேல் எழுப்பப்பட்ட சிற்றாலயம், பெருங்கோயிலுக்கே பெயரைத் தந்துவிட்டது. தெருவில் வாழ்ந்த ஒருவர் அரசர் கட்டிய கோயிலைத் தமதாக்கிக்கொண்ட இவ்வரலாறு, புகைப்படத்தில் பதிவதில்லை, கேட்போருக்கே கிடைக்கிறது.

கிரெம்ளின் வளாகத்தில் ஏறத்தாழ 200 டன் எடையுள்ள மணி ஒன்று தரையில் அமர்ந்திருக்கிறது. 1737இல் மூண்ட தீயில் வெப்பமேறி, விரிசல் கண்டு, ஒரு துண்டு உடைந்து வீழ்ந்த அம்மணி ஒருமுறையேனும் ஒலித்ததில்லை. உடைந்த துண்டு மட்டுமே 11 டன்னுக்கு மேற்பட்டது. ஒலிக்காத மணியை ஒரு நாடு ஏன் பெருமையோடு காத்துவருகிறது என்ற கேள்வியை எழுப்பும் மாணவர், அம்மணியை வெறுமனே பார்த்துச் செல்வோரைவிட ஒருபடி உயர்கிறார்.

'புரட்சிச் சதுக்கம்' என்னும் சுரங்க ரயில் நிலையத்தில் உழவர், மாலுமி, மாணவர், படைவீரர் ஆகியோரின் வெண்கலச் சிலைகள் வரிசையாக உள்ளன. எல்லைக்காவல் வீரரின் அருகே அமர்ந்திருக்கும் நாயின் மூக்கு மட்டும் பொன்போல் பளபளக்கும். தேர்வுக்குச் செல்லும் மாணவர்கள் நற்பேறு வேண்டி அதனைத் தடவிச் செல்வதே காரணம். தேர்வெழுதும் நாளில் பிள்ளையார் கோயில் வாயிலில் நின்று தலையில் குட்டிக்கொள்ளும் மாணவருக்கு இவ்வழக்கின் உட்பொருள் உடனே விளங்கும். மொழியும் தட்பவெப்பமும் வேறானாலும், தேர்வச்சம் எல்லா நாட்டிலும் ஒன்றே.

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலை அறிந்த இவ்வட்டார மாணவர் தவறாது காணவேண்டிய மற்றோரிடம் மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள க்ஷேல். ஓர் ஊராக அன்றிப் பல சிற்றூர்களின் தொகுதியாக விளங்கும் அவ்விடத்தில், வெண்ணிறப் பீங்கான்மேல் கோபால்ட் நீலத்தால் மலரும் கொடியும் வரைகின்றனர். நல்ல களிமண் கிடைத்ததால் வளர்ந்த தொழில் அது. சூளையின் வெப்பம், மெருகுப்பூச்சு, உடையாமல் எடுக்கும் பக்குவம் ஆகியவற்றைப் பற்றிப் பேச, விருத்தாசலம் கைவினைஞருக்கும் க்ஷேல் கைவினைஞருக்கும் மிகுதியான சொற்கள் தேவைப்படா.

தெருவில் எதிர்ப்படுவோர்

ரஷ்யத் தெருவில் முதல்நாள் நடக்கும் தமிழ் மாணவருக்கு ஒரு சோர்வு தோன்றக்கூடும். எவரும் சிரிப்பதில்லை, கடைக்காரர் முகத்திலும் இறுக்கம். இதனை வெறுப்பு என்று கொள்வது பிழை. அறியாதவரைப் பார்த்துச் சிரிப்பதை ரஷ்யர் வழக்கமாகக் கொள்வதில்லை; உள்ளம் மகிழ்ந்தபோது மட்டும் வருவதே சிரிப்பு என்பது அவர்தம் எண்ணம். முகம் இறுகியிருந்தாலும், வழிகேட்டால் உடன் நடந்துவந்து வழிகாட்டுவோர் அவர்களுள் உண்டு.

'பாபுஷ்கா' என்றால் பாட்டி. குளிரில் தலையுறை இல்லாமல் செல்லும் இளைஞரை, முன்பின் அறியாத பாட்டி ஒருவர் தெருவிலேயே நிறுத்திக் கடிந்துகொள்வது அங்கு இயல்பு. 'இவருக்கு என்ன உரிமை?' என்று சினப்பதற்கு மாறாக, நம் ஊர்த் திண்ணைகளில் அமர்ந்து தெருப்பிள்ளைகள் அனைவரையும் அதட்டும் பாட்டியரை நினைத்துக்கொண்டால் அச்சொல்லின் வெம்மை புலப்படும்.

வீட்டிற்கு அழைக்கப்பட்டால் சில முறைகளை அறிந்திருத்தல் நன்று. காலணியை வாயிலிலேயே கழற்றிவிடவேண்டும். இது நமக்குப் புதிதன்று. வாசற்படியின் இருபுறமும் நின்று கைகுலுக்குவதையும் பொருள் கொடுப்பதையும் அவர்கள் விரும்புவதில்லை. நிலைப்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்வதை அது நினைவூட்டும். மலர் கொண்டுசென்றால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கொண்டுசெல்லவேண்டும். இரட்டைப்படை இறந்தோருக்கு உரியது. நெடும்பயணம் புறப்படும்முன் வீட்டார் அனைவரும் ஒருகணம் அமைதியாக அமர்ந்து எழுவர். சகுனம் தடைப்பட்டால் சற்று அமர்ந்து, தண்ணீர் அருந்திப் புறப்படும் நம் வழக்கோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம்.

இந்தியர் என்று அறிந்தவுடன் முதியோர் சிலர் ராஜ் கபூரின் பெயரைச் சொல்வர். 'அவாரா' திரைப்படம் 1954இல் சோவியத் நாட்டில் திரையிடப்பட்டுப் பெருவரவேற்பைப் பெற்றது. அதன் பாடலை முணுமுணுத்துக்கொண்டு நெருங்கிவரும் முதியவரிடம், 'அது என் மொழிப் படமன்று' என்று கூறி விலகுவது எளிது. 'இந்தியாவில் பல மொழிகள் உண்டு. என் மொழி தமிழ். என் ஊரில் ஏரி உண்டு, கரும்பு உண்டு' என்று தொடர்ந்தால், ஒரு நட்பு தொடங்கும். தெருவில் நிற்கும் மாணவரே அப்பொழுது தம் மொழிக்கும் ஊருக்கும் தூதுவராகிறார்.

விழிப்பும் வேண்டும்

சந்திப்புகள் அனைத்தும் இனியனவாக அமையும் என்று கொள்வதற்கில்லை. கடவுச்சீட்டு, நுழைவிசைவு, தங்குமிடப் பதிவு ஆகியவற்றின் படிகளை எப்போதும் உடன் வைத்திருத்தல், மாஸ்கோவிலுள்ள இந்தியத் தூதரகத்தின் தொடர்பு எண்ணைக் குறித்துவைத்தல் ஆகியன முதற்கடமைகள். அனைத்தினும் முதன்மையானது, படித்துப் பொருள் அறிய இயலாத தாளில் கையொப்பமிடாமை.

இது வெற்று அறிவுரையன்று. வேலைவாய்ப்பு என நம்பிச் சென்ற இந்தியர் சிலர் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதும், அவர்களுள் சிலர் போர்முனையில் உயிரிழந்ததும், அவர்களை விடுவிக்க இந்திய அரசு வலியுறுத்தியதும் 2024இல் நாடறிந்த செய்திகளாயின. மொழியறிவு உணவகத்தைக் கண்டுபிடிக்க மட்டும் உதவுவது என்று எண்ணுவோர், இச்செய்தியை எண்ணிப்பார்க்கவேண்டும். மருத்துவம் பயில்வோருக்கும் இது பொருந்தும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் நோயாளி தம் வலியை ரஷ்ய மொழியிலேயே சொல்வார். அச்சொல்லைப் புரிந்துகொள்ள இயலாத மாணவர், அந்நோயாளியிடமிருந்து எதனைக் கற்க இயலும்?

அங்கிருந்து வந்தோர்

நாம் அங்குச் செல்வதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் இங்கு வந்துள்ளனர். 15ஆம் நூற்றாண்டில் த்வேர் நகர வணிகர் அஃபனாசி நிகிதின் பாரசீகம் வழியாக இந்தியா வந்து, தக்காணத்தின் பீதர் நகரில் தங்கினார். தாம் யார், தம் சமயம் யாது என்பதை ஒளிக்காமல் கூறியபின், மக்கள் தம் உணவு, வணிகம், வழிபாடு ஆகிய அனைத்தையும் தமக்கு வெளிப்படையாகக் காட்டினர் என்று அவர் தம் பயணக்குறிப்பில் பதிந்துள்ளார். தன்னைத் திறந்து காட்டுவோருக்கே அயலார் வீட்டுக் கதவும் திறக்கும் என்னும் உண்மையை அவ்வணிகர் அறிந்திருந்தார்.

பீட்டர்ஸ்பர்க் நகரில் பேரரசர் பீட்டர் 1714இல் நிறுவிய குன்ஸ்த்கமெரா என்னும் அருங்காட்சியகம் உள்ளது. அதற்காகப் பொருள் சேகரிக்க வந்த அலெக்சாந்தர் மேர்வார்த், லுத்மீலா மேர்வார்த் இணையர், 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் பயணம் செய்தனர். அவர்கள் பொருள்களை மட்டும் எடுத்துச்செல்லவில்லை, மொழியையும் கற்றுச்சென்றனர். அலெக்சாந்தர் மேர்வார்த் 1929இல் வெளியிட்ட நூல், பேச்சுத் தமிழின் இலக்கணம் பற்றியது. ஏட்டில் உள்ள தமிழோடு நின்றுவிடாமல், மக்கள் வாயில் வழங்கும் தமிழையும் ஆய்வுக்குரியதாக மதித்தார் அவர். நாற்புறமும் ஒலித்த பேச்சு, ஓர் அயல்நாட்டவரின் செவியில் இலக்கணமாயிற்று. அவருக்குப் பின் வந்த ரஷ்ய அறிஞர்கள் தமிழ்–ரஷ்ய அகராதியை உருவாக்கினர். திருக்குறளை ரஷ்ய மொழிக்குக் கொண்டுசென்றனர். தமிழுக்கு அவர்கள் கொடுத்த செவியில் ஒரு பகுதியையேனும் அவர்தம் மொழிக்கு நாம் கொடுத்தல் வேண்டும்.

ஒரு சதுக்கம், இரு கட்டடங்கள்

மாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீட்டர்ஸ்பர்க்கில், புனித ஐசக் சதுக்கம் புகழ்பெற்றது. 1818 முதல் 1858 வரை நாற்பதாண்டுகள் கட்டப்பட்ட பேராலயம் அங்கு 101.5 மீட்டர் உயரத்தில் பொன்மாடத்துடன் நிற்கிறது. பயணிகள் அனைவரும் அதனை நோக்கியே படமெடுக்கின்றனர். அதே சதுக்கத்தின் மற்றொரு பக்கத்தில் நிற்கும் கட்டடத்தை நோக்குவோர் சிலரே. அதுதான் வவிலோவ் பயிரியல் நிறுவனம்.

நிகலாய் வவிலோவ் உலகெங்கும் பயணம் செய்து பயிர்விதைகளைத் திரட்டிய அறிவியலறிஞர். ஒவ்வொரு பயிருக்கும் தாயகம் உண்டு என்று ஆராய்ந்த அவர், நெல்லின் தாயகமாக இந்தியப் பகுதியைக் குறித்தார். அவரும் அவர்தம் உடன்பணியாளரும் சேர்த்த விதைகள் இலட்சத்திற்கும் மேற்பட்ட சிறு பொட்டலங்களாக அக்கட்டடத்தில் காக்கப்பட்டன.

1941 செப்டம்பர் 8ஆம் நாள் செருமானியப் படை நகரை முற்றுகையிட்டது. அன்று லெனின்கிராடு எனப் பெயர்கொண்டிருந்த அந்நகர் 872 நாள்கள் முற்றுகையில் கிடந்தது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் குழந்தைகளுக்கும் உழைக்க இயலாதோருக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி மட்டுமே வழங்கப்பட்டது. பல இலட்சம் மக்கள் பசியாலும் குளிராலும் மாண்டனர். விதைக் களஞ்சியத்தின் அறிவியலாளரும் பசித்தனர். அவர்களைச் சுற்றிலும் கோதுமை, சோளம், பட்டாணி, நெல் ஆகிய தானியங்கள் இருந்தன. ஒருவரும் அவற்றைத் தொடவில்லை. போருக்குப் பின்னர் நாடு விதைக்கவேண்டும் என்பதற்காக அவற்றைக் காத்தனர். அவர்களுள் பலர் பணியிடத்திலேயே உயிர்நீத்தனர். நெல்வகைகளின் காப்பாளரான திமித்ரி இவனோவ் இறந்தபோது, அவருடைய பொறுப்பில் ஆயிரக்கணக்கான நெற்பொட்டலங்கள் குறைவின்றி இருந்தன.

விதைநெல்லை உண்ணலாகாது என்பது நம் உழவர் குடியின் அறம். பஞ்சத்திலும் விதைக்கோட்டையைப் பிரிக்காத பாட்டனாரைப் பற்றிய கதை நெல்விளையும் ஊர்களில் பல வீடுகளில் வழங்கும். வீராணம் பாசனத்தில் நெல் விளையும் ஊரிலிருந்து செல்லும் மாணவர், அக்கட்டடத்தின் முன் நின்று, அங்கு நெல்லைக் காத்து ஒருவர் பசியால் இறந்தார் என்பதை அறிந்தால், அது அவருக்கு அயல்நாட்டுக் கட்டடமாக இராது. அறியாதவருக்கோ, அது பேராலயத்தைப் படமெடுக்க முதுகைச் சாய்க்கும் ஒரு சுவராகவே எஞ்சும்.

அந்நகரின் பிஸ்கர்யோவ்ஸ்கயே நினைவிடத்தில் முற்றுகையில் மாண்டோர் ஐந்து இலட்சத்திற்கு அணித்தான பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அதனைக் கண்டபின், உணவுமேசையில் ரொட்டித் துண்டை வீணாக்கும் இளைஞரை ஒரு பாபுஷ்கா ஏன் அத்துணைக் கடுமையாகக் கடிந்துகொள்கிறார் என்பது விளங்கும். தெருவில் கேட்ட கடுஞ்சொல்லுக்குப் பொருளை நினைவிடம் தருகிறது. நினைவிடத்தின் பொருளைப் பாட்டியின் சொல் உயிர்ப்பிக்கிறது.

நிறைவாக

பயணக்குறிப்பு எழுதும் மாணவர் ஒவ்வொரு நாளும் ஏட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இடப்புறம், கண்டவை: ஊர், கட்டடம், ஆண்டு, உயரம். வலப்புறம், கேட்டவை: யாரிடம் பேசினேன், என்ன சொன்னார், எந்தச் சொல் புதிது, எது என் ஊரை ஒத்தது, எது ஒவ்வாதது. இடப்புறத்தை எந்த வழிகாட்டி நூலிலிருந்தும் நிரப்பிவிடலாம். வலப்புறத்தை அம்மாணவர் ஒருவரே எழுத இயலும். வலப்புறம் வெறுமையாக நிற்கும் நாளில், கால்கள் நடந்திருக்கும், பயணம் நிகழ்ந்திராது.

இதற்கான பயிற்சியை ரஷ்யா செல்லும்வரை ஒத்திவைக்க வேண்டியதில்லை. குறுக்குரோட்டில் பேருந்துக்குக் காத்திருக்கும் வெளிமாநிலத் தொழிலாளரிடம் அவர் மொழியில் ஒரு சொல்லைக் கேட்டு அறிவதிலிருந்தே அதனைத் தொடங்கலாம். அயலார் நம் ஊரில் நிற்கும்போது நாம் அவர்களுக்குக் காட்டும் செவியே, நாம் அயலூரில் நிற்கும்போது வேண்டி நிற்பதும் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வாழும் பிறமொழியாளர் ஒருவரிடம் உரையாடி, நன்றி, மன்னிப்பு, வரவேற்பு ஆகியவற்றுக்கு அவர் மொழியில் வழங்கும் சொற்களைத் தொகுத்து வகுப்பில் பகிர்க.

2. உங்கள் ஊரிலுள்ள புகழ்பெற்ற கட்டடம் ஒன்றையும், அதன் அருகிலிருந்தும் கவனிக்கப்படாத இடம் ஒன்றையும் தெரிவுசெய்து, இரண்டின் வரலாற்றையும் ஒப்பிட்டு ஒருபக்க அளவில் எழுதுக.

3. 'விதைநெல்லைக் காத்தல்' என்னும் பொருளில் உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்த செய்தியை, வவிலோவ் நிறுவன அறிவியலாளரின் ஈகத்தோடு இணைத்துச் சொற்பொழிவாக வழங்குக.

4. 'காண்பதற்குக் கண் போதும். அறிவதற்கு மொழி வேண்டும்' – இக்கட்டுரையின்வழி நின்று விளக்குக.